சஹ்ரானைத் திட்டினால் நான் இனவாதியா?

கேள்வி: அன்பின் ஐயா, நான் மட்டக்களப்பில் அரச பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். சைவன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கொடுக்க ஓடியவர்களில் நானும் ஒருவன். இந்த வருட நினைவு நாளில் பேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னோடு பல வருடமாக ஒரே பாடசாலையில் இருக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “நீங்களும் இனவாதிதானா சேர்?” என்று கேட்டார். அதோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். வேறு யாரோ பதிவுக்குக் கீழே “ஐசிசிபிஆர் சட்டத்தில் உள்ளே போடுவோம்” என்று எழுதியிருக்கிறார், வெறுப்பைப் பரப்புவதற்கு எதிரான சட்டமாம். இஸ்லாம் ஒரு மதம், இனம் இல்லையே. மதத் தீவிரவாதத்தைக் கண்டிப்பது எப்படி இனவாதமாகும்? என்னைப் பிடிப்பார்களா?

– பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்: அன்பின் ஆசிரியருக்கு,

கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் “இல்லை, நீங்கள் இனவாதி இல்லை” என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். நல்ல காலம், பதிவையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் நான்கு விஷயம் இருக்கிறது, மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் போதித்தது மார்க்கம் இல்லை, கொலை. அவருடைய பிரசங்க வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தபோது பொலிஸ் என்ன செய்தது? இரண்டாவது, வெளிநாட்டுக் காசில் வளர்ந்த கடும்போக்கு தர்காவை இடிக்கச் சொல்கிறது, பெண்ணை மூடச் சொல்கிறது, அதைக் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, இவ்வளவும் நடக்கும்போது சஹ்ரானின் ஊரான காத்தான்குடிச் சனத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான்காவது, இனி இவர்களை நம்ப ஏலாது, இவர்களுடைய கடையில் நாங்கள் கொடுக்கும் காசுதான் நாளைக்குக் குண்டாகத் திரும்பி வரும்.

முதல் இரண்டும் விமர்சனம். நான்காவது இனவாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது வரி இரண்டாவதிலிருந்து நான்காவதுக்கு உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. நான் அதிகம் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். சஹ்ரானைக் கொலைகாரன் என்று எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அவருடைய கொள்கையை மட்டுமல்ல, எந்தக் கொள்கையையும், எந்த மதத் தலைவரையும், எந்த வேத விளக்கத்தையும் கேள்வி கேட்கலாம். ஐ.நா.வின் மனித உரிமைகள் குழு 2011இல் வெளியிட்ட 34ஆவது பொதுக் கருத்துரை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மதத் தலைவர்களை விமர்சிப்பதையும் மதக் கோட்பாடுகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதையும் தடுக்கவோ தண்டிக்கவோ சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. எங்கள் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரையும் பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. (நடைமுறையில் எவ்வளவு தருகிறது என்பது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.)

இரண்டாவது வரியில் ஒரு சின்னத் திருத்தம். “கடும்போக்கு” என்று பொதுவாக எழுதாதீர்கள். தப்லீக் ஜமாஅத்தும், ஜமாஅத்தே இஸ்லாமியும், தௌஹீத் அமைப்புகளும் ஒன்றை ஒன்று பிழை சொல்லிக்கொண்டிருக்கிற கூட்டங்கள். தௌஹீத் என்று பெயர் வைத்த எல்லாரும் சஹ்ரானின் ஆட்களும் இல்லை. எந்த அமைப்பு, எந்த வருடம், என்ன செய்தது என்று எழுதினால் உங்கள் வாதம் பலமாகும், அதோடு அந்த அமைப்பு உங்களுக்குப் பதில் சொல்லவும் முடியும். பதில் சொல்லக்கூடிய ஒருவரைப் பார்த்துக் கேட்பதுதானே விமர்சனம். “சனம்” எப்படிப் பதில் சொல்லும்?

சரி, மூன்றாவது வரி. ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்கிறீர்கள். தெரிந்திருந்தது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

சஹ்ரான் படித்த காத்தான்குடி மத்ரஸாவே அவரை வெளியே அனுப்பியது. 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் அவருடைய கூட்டத்துக்கும் சூஃபி முஸ்லிம்களுக்கும் மோதல் நடந்தது, வாள் வெட்டு வரைக்கும் போனது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் யார்? காத்தான்குடி முஸ்லிம்கள். அவர் தலைமறைவானது அப்போதுதான். முஸ்லிம் கவுன்சிலின் உப தலைவர் ஹில்மி அஹமத், இந்த ஆட்களின் பெயரைக் கொடுத்து இராணுவப் புலனாய்வுக்கு மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னேன் என்று தாக்குதலுக்குப் பிறகு பகிரங்கமாகச் சொன்னார். 2018 டிசெம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணை 2019 ஜனவரியில் வண்ணாத்திவில்லுவில் இந்தக் கூட்டத்தின் வெடிபொருள் கிடங்கு பிடிபடும் வரை போனது. அதற்கு உதவிய முஸ்லிம் ஒருவர் மார்ச் மாதம் தன்னுடைய வீட்டிலேயே, படுக்கையிலேயே சுடப்பட்டார். குண்டு வெடித்து ஐந்து நாளில் சாய்ந்தமருதுவில் சஹ்ரானின் குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஊர் முஸ்லிம் சனம்தான். குண்டுதாரிகளின் மையித்தைப் பள்ளிவாசல்கள் ஏற்காது, அடக்கம் செய்ய இடம் தர மாட்டோம் என்று உலமாக்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தெரிந்தும் சும்மா இருந்தவர்களும் இருந்தார்கள், அவர்களின் பெயர் உயர் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11 அன்று பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையெழுத்தோடு, சஹ்ரானின் பெயரோடு, தேவாலயங்கள் குறியாகலாம் என்று கடிதமும் போனது. பத்து நாள் கழித்துக் குண்டு வெடித்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. அப்போதைய பொலிஸ் மா அதிபர், பாதுகாப்புச் செயலாளர், அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் எல்லாரும் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் காத்தான்குடி இல்லை.

இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களுடைய முதலாவது வரியே “பொலிஸ் என்ன செய்தது” என்றுதான் கேட்கிறது, அது மிகச் சரியான கேள்வி. மூன்றாவது வரிக்கு வரும்போது அந்தக் கேள்வியைப் பொலிஸிடமிருந்து எடுத்து ஒரு ஊரின் தலையில் வைத்துவிட்டீர்கள். அது எப்படி நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. கோபத்தில் எழுதும்போது “அவன்” என்று தொடங்கிய வசனம் “அவர்கள்” என்று முடிகிறது. “அவர்களுக்குத் தெரிந்திருக்கும்” என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு அவர்கள் எல்லாரும் உடந்தை. உடந்தையானவர்களுடைய கடையில் ஏன் வாங்க வேண்டும்? நான்காவது வரி தானாக வந்துவிடும். நீங்கள் அதை யோசித்து எழுதியிருக்கவே தேவையில்லை.

எங்களுக்கு இது புதிதா, சொல்லுங்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோதும் காரணம் இதுதான்: சிலர் காட்டிக்கொடுக்கிறார்கள், மற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும். அதே வருடம் ஒகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானவர்களைச் சுட்டதும் அந்தக் கணக்கில்தான். அதற்குப் பதிலடி என்று முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததற்கும் காரணம் அதே. தமிழன் என்றால் புலி, அவனுக்குத் தெரியாமலா கொழும்பில் குண்டு வெடிக்கிறது என்று சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி நிறுத்தியதும் அதே வசனம்தான், சிங்களத்தில். புலிகளை விமர்சித்த தமிழர்களை நாங்களே “இனத் துரோகி” என்றோம். புலிகளை விமர்சிப்பதும் தமிழரை வெறுப்பதும் வேறு வேறு என்று உங்களுக்கு ஆயிரம் முறை விளங்கப்படுத்தத் தெரியும். அந்த விளக்கத்தை அப்படியே இங்கே பாவியுங்கள், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் பிரதான வாதம்: இஸ்லாம் மதம், இனம் இல்லை, ஆகவே நான் இனவாதியாக முடியாது. இது இணையத்தில் உலகம் முழுக்க ஓடுகிற வாதம், பாதி உண்மையும் கூட. இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு சர்வதேச சமவாயம் இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம் என்றுதான் பட்டியல் போடுகிறது. மதம் அதில் இல்லை. பிரித்தானியாவில் சீக்கியர்கள் ஓர் இனக்குழுவும்தான் என்று 1983இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தது. முஸ்லிம்களுக்கு அந்தப் பாதுகாப்பு இனச் சட்டத்தில் கிடைக்காததால் மத வெறுப்புக்கென்று 2006இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்திலும் மதத்தை விமர்சிக்கலாம், கிண்டல் செய்யலாம், பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்று ஒரு பிரிவையே எழுதி வைத்தார்கள்.

ஆனால் நீங்கள் இருப்பது மட்டக்களப்பில். இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் மதத்துக்கு ஒரு கூடு, இனத்துக்கு ஒரு கூடு. இனத்துக்கான கூட்டில் “இலங்கைச் சோனகர்” என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான் எழுதப்பட்டது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம் என்று வாதாடியபோது அவர்கள் அதை ஏற்கவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் பிறகு அதற்கு மறுப்பே எழுதினார். தமிழ்நாட்டு முஸ்லிம் “நான் தமிழன்” என்று சொல்வதுபோல இங்கே ஒரு ஏறாவூர் முஸ்லிம் சொல்ல மாட்டார். இது சரியா பிழையா என்பது வேறு வாதம், நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. நிலைமை என்னவென்றால், நாளைக்கு ஒருவர் தொழுகையையும் நோன்பையும் விட்டுவிட்டு எனக்குக் கடவுளே இல்லை என்று சொன்னாலும் அவருடைய பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை, பிறந்த ஊர் எதுவும் மாறாது. உங்கள் நான்காவது வரியில் வரும் “இவர்கள்” யார் என்று கேட்டால் அந்த ஆளும் அதற்குள் வந்துவிடுவார். அவருடைய நம்பிக்கையையா விமர்சித்தீர்கள்? அவரிடம்தான் நம்பிக்கையே இல்லையே.

இதற்கு நீர்கொழும்பில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அஹ்மதியாக்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வாடகை வீடுகளில் அகதிகளாக இருந்தார்கள். நீங்கள் முஸ்லிமே இல்லை என்று சொல்லித் தீவிரவாதிகள் அடித்துத் துரத்திய சனம் அது. அங்குள்ள கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, நீங்கள் முஸ்லிம் என்று சொல்லி அவர்களை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் போய்ப் படுத்தார்கள். தீவிரவாதத்தின் மேல் கோபப்பட்டவர்கள் தீவிரவாதத்துக்குப் பலியானவர்களையே அடித்தார்கள். கோபம் கொள்கையின் மேல் என்றால் இது நடந்திருக்குமா?

கடை விஷயத்துக்கும் வருகிறேன். நீங்கள் அதை ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் 2019 ஜூனில் அஸ்கிரிய மகாநாயக்க தேரர் முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்ற பொருளில் பேசியதும், தங்கொட்டுவ வாரச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளை விடக் கூடாது என்று வென்னப்புவ பிரதேச சபைத் தலைவர் கடிதம் எழுதியதும், அதை மாரவில நீதவான் செல்லாது என்றதும் எல்லாம் பேச்சுக்கு நடந்தவை இல்லை. அந்த மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் கடைகள் எரிந்தன. ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் போட்டது, குருநாகல் வைத்தியர் ஷாஃபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் ஆதாரம் இல்லை. உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் ஒன்று சொல்கிறேன். அந்த ஏப்ரல் கடைசியில் அவசரகால விதியின்கீழ் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டும். ஆனால் அவிசாவளைப் பக்கம் புவக்பிட்டியவில் ஒரு தமிழ்ப் பாடசாலையில், முகத்தை மூடாமல் அபாயா மட்டும் அணிந்து வந்த ஆசிரியைகளை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள், கடைசியில் அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போனார்கள். நிறுத்தியவர்களைக் கேட்டால் தீவிரவாதத்தை எதிர்த்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இனி மறுபக்கம். “இனவாதி” என்ற வார்த்தையைக் கேடயமாகத் தூக்குபவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்க மாட்டேன். அந்தக் கேடயத்தால் அதிகம் அடி வாங்கியவர்கள் நீங்களோ நானோ இல்லை, முஸ்லிம் பெண்கள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துங்கள், திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது வையுங்கள், பெண்ணின் கையெழுத்தை வாங்குங்கள், பெண்ணையும் காதி (முஸ்லிம் விவாக வழக்கு) நீதிபதி ஆக்குங்கள் என்று புத்தளத்துப் பெண்களும் கிழக்குப் பெண்களும் எத்தனையோ வருடமாகக் கேட்கிறார்கள். இந்தத் திருத்தத்தை ஆராய சலீம் மர்சூப் குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது! கேட்ட பெண்களுக்குக் கிடைத்த பதில்: இனவாதிகளுக்குத் தீனி போடாதீர்கள், வெளியே கதைக்காதீர்கள். ஏறாவூர் எழுத்தாளர் ஷர்மிளா ஸெய்யித், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று 2012இல் பிபிசி தமிழில் ஒரு கருத்துச் சொன்னதற்காக மிரட்டப்பட்டு ஊரைவிட்டே போக வேண்டி வந்தது. மதத் தீவிரவாதத்தை விமர்சிப்பது இனவாதம் என்று சட்டம் ஒன்று வந்தால் முதலில் வாயை மூட வேண்டியவர்கள் இவர்கள்தான். ஆகவே “இனவாதி என்று சொல்லிவிடுவார்களோ” என்று பயந்து நீங்கள் உங்கள் முதல் இரண்டு வரியை அழித்தால் அது யாருக்கும் உதவி இல்லை.

பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் இதே அளவுகோல்தான். பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொது பல சேனாவைத் திட்டுவது சிங்களவரைத் திட்டுவது ஆகாது. அந்த அமைப்பை எதிர்த்து அடி வாங்கிய வட்டரக்க விஜித தேரர் ஒரு சிங்கள பௌத்த பிக்கு. மறவன்புலவு சச்சிதானந்தன் 2016இல் தொடங்கிய சிவசேனை மதவெறியைக் கிளப்புகிறது என்று ஒரு முஸ்லிம் ஆசிரியர் எழுதினால் நீங்கள் அதைப் பகிரக்கூடச் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். அதே ஆசிரியர் அடுத்த வரியில் “சைவச் சனத்துக்குத் தெரியாமலா நடக்கிறது, இவர்களிடம் டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்” என்று எழுதினால்? உங்கள் பதிவில் “காத்தான்குடி” என்ற இடத்தில் தமிழர் ஊரான “கல்லடி” என்று போட்டு ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

உங்களோடு படிப்பிக்கும் ஆசிரியையைப் பற்றி. அவர் எந்த வரியைப் பார்த்து அப்படிக் கேட்டார் என்று நீங்கள் விசாரிக்கவில்லை. நான் ஊகிக்கிறேன், சஹ்ரானைத் திட்டியதற்காக இருக்காது. கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும், 2020 மார்ச் கடைசி தொடக்கம் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் சனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதையும் “பாதுகாப்பு”, “ஒரே நாடு ஒரே சட்டம்” என்றுதான் சொன்னார்கள். அந்த நாட்களை ஸ்டாப் ரூமில் உங்களோடு உட்கார்ந்து கடந்தவர் அவர். போய்ப் பேசுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்காதீர்கள், ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இஸ்லாம் மதமா இனமா என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற வேலை வேண்டாம். “கடைசி இரண்டு வரியும் பிழை, எடுத்துவிட்டேன், சஹ்ரானைப் பற்றி எழுதியதை எடுக்கவில்லை” என்று சொன்னால் போதும். அவர் அதையும் ஏற்காமல், சஹ்ரானைப் பற்றியே எழுதக் கூடாது என்றால் அந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சட்டம். மிரட்டியவர் சொன்ன ஐசிசிபிஆர் சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். அதன் 3(1) பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் விதமாக தேசிய, இன அல்லது மத வெறுப்பைப் பரப்புவதைத் தடை செய்கிறது. மதம் என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பதால் “இஸ்லாம் இனம் இல்லை” என்ற வாதம் அங்கே எடுபடாது. தண்டனை பத்து வருடம் வரை. அதைவிட மோசம், சாதாரணமாக நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் மாதங்கள் போய்விடும். இதுதவிர, மத உணர்வைப் புண்படுத்துவது பற்றித் தண்டனைச் சட்டக்கோவையில் 291அ, 291ஆ பிரிவுகள் இருக்கின்றன.

சட்டம் எழுதியிருப்பது ஒன்று, பொலிஸ் பாவிப்பது இன்னொன்று. பிக்கு ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரலில் இதே சட்டத்தில் பிடித்து நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைப் பௌத்தச் சின்னமான தர்மச்சக்கரம் என்று நினைத்துக் கைது செய்தார்கள். ரம்ஸி ராஸிக் என்பவர் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குப் பேனாவாலும் கீபோர்ட்டாலும் பதில் சொல்லும் கருத்தியல் ஜிஹாத் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பேஸ்புக்கில் எழுதினார். “ஜிஹாத்” என்ற சொல்லைக் கண்டவுடன் தூக்கிவிட்டார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது. மறுபக்கம், பொது பல சேனாவின் ஞானசார தேரர் 2016இல் பேசியவற்றுக்குத் தண்டனை வந்தது 2024இலும் 2025இலும். யார் பேசினார், எந்த ஊர், எந்தப் பொறுப்பதிகாரி என்பதைப் பொறுத்து இந்தச் சட்டம் நீளும், சுருங்கும்.

உங்கள் முதல் இரண்டு வரிக்காக வழக்குப் போட்டால் நான் சந்தோஷமாக வாதாடுவேன். நான்காவது வரி, ஒரு சமூகத்தின் கடைகளைத் தவிர்க்கச் சொல்வதும் அந்தக் காசு குண்டாகும் என்பதும் சேர்ந்து, 3(1) பிரிவில் உள்ள “பாகுபாட்டைத் தூண்டுதல்” என்பதற்கு மிகக் கிட்டப் போகிறது. நீங்கள் சாதாரண ஆள், பதிவைப் பார்த்தது கொஞ்சப் பேர், அதனால் எதுவும் எரியவில்லை என்றெல்லாம் வாதாடலாம். ஐ.நா.வின் 2012 ரபாத் செயல்திட்டம் சொல்கிற ஆறு அளவுகோலில் சூழல், பேசியவர், எவ்வளவு தூரம் பரவியது என்பவையும் இருக்கின்றன. ஆனால் அந்த வாதத்தை மேல் நீதிமன்றத்தில் வைக்கிற வரைக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான் பிரச்சினை. தவிர நீங்கள் அரச ஊழியர். சமூக ஊடகத்தில் கருத்து எழுதுவது பற்றி 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கையைக் காட்டி வலயக் கல்வி அலுவலகமும் அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையின்கீழ் விளக்கம் கேட்கலாம்.

ஆகவே, இன்றைக்கே அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று ஒரு வசனம் கீழே எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்தால் ஸ்கிரீன்ஷொட் வைத்திருப்பவர் ஒளித்துவிட்டீர்கள் என்பார். மூலப் பதிவையும் அந்த மிரட்டல் கருத்தையும் திகதியோடு நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டியவரோடு கருத்துப் பகுதியில் மல்லுக்கு நிற்க வேண்டாம். பொலிஸிலிருந்து அழைப்பு வந்தால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், யாருடைய முறைப்பாடு என்று கேளுங்கள், தனியே போகாமல் ஒரு சட்டத்தரணியோடு போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிவிட்டு “சும்மா போர்மலிட்டிதான் சேர்” என்று நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.